மேமி கிளார்க்: பொம்மைச் சோதனையைத் தாண்டி, ஹார்லெமில் அவர் திறந்த குழந்தைகள் மையம்

அமெரிக்காவின் 'பொம்மைச் சோதனை' பற்றி எங்கேயாவது பார்த்திருப்பீங்க. நிறம் மட்டும் வேறான பொம்மைகளைக் காட்டி, எது நல்ல பொம்மை என்று கறுப்பினக் குழந்தைகளிடம் கேட்டார்கள். பெரும்பாலானோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னபோது, தீர்ப்பின் அடிக்குறிப்பில் உளவியலாளர் கென்னத் கிளார்க்கின் பெயர் இருந்தது. அந்த ஆய்வுக்கு விதை போட்டது அவர் மனைவி மேமியின் முதுகலை ஆய்வு. மேமியின் பெயர் அதில் இல்லை.

ஆனால் மேமியின் பெரிய வேலை பொம்மைகள் இல்லை.

யார் இவர்?

1917-ல் ஆர்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸில் பிறந்தவர். அப்பா டாக்டர்; வசதிக்குக் குறைவில்லை. படித்தது மட்டும் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய பள்ளியில். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கப் போய், உளவியலுக்கு மாறினார். 1943-ல் கொலம்பியாவில் முனைவர் பட்டம். அங்கே அவருடைய வழிகாட்டி ஹென்றி காரெட், இனப் பிரிவினையை ஆதரித்தவர். பின்னாளில் வர்ஜீனியா பள்ளி வழக்கில் அதே பேராசிரியரின் வாதத்தை மறுத்து மேமி சாட்சி சொன்னார். (இதை மட்டுமே வைத்து ஒரு படம் எடுக்கலாம்!)

பட்டம் இருந்தும் கறுப்பினப் பெண்ணுக்குத் தகுந்த வேலை கிடைக்கவில்லை. கடைசியில், நியூயார்க்கில் வீடற்ற கறுப்பினச் சிறுமிகளுக்கு உளவியல் சோதனை செய்யும் வேலையில் சேர்ந்தார். சோதனை நடக்கும், ரிப்போர்ட் எழுதுவார். அப்புறம்? அந்தப் பிள்ளைகளை அனுப்ப ஓர் இடமில்லை. ஹார்லெமில் சேவை தொடங்குங்கள் என்று நகரின் சமூகநல அமைப்புகளை மேமியும் கென்னத்தும் கேட்டுப் பார்த்தார்கள். யாரும் முன்வரவில்லை.

946 டாலர் கடன்

அப்பாவிடம் 946 டாலர் கடன் வாங்கி, 1946-ல் ஹார்லெமின் டன்பார் குடியிருப்பில் ஒரு அடித்தள வீட்டில் மையத்தைத் தொடங்கினார்கள். அதுதான் நார்த்சைடு.

முதலில் பெற்றோர் தயங்கினார்கள். மனநலம்னாலே பைத்தியம்ங்கிற பயம் அங்கேயும் இருந்தது. அவர்களை உள்ளே வர வைத்தது பள்ளிகள்தான். கறுப்பினப் பிள்ளைகள் பலரை 'மூளை வளர்ச்சி குன்றியவர்கள்' என்று முத்திரை குத்தித் தனி வகுப்பில் போட்டிருந்தார்கள். நார்த்சைடு மறுபடி சோதித்தது. பெரும்பாலானோர் அந்த வகுப்புக்கான ஐக்யூ வரம்புக்கு மேலே இருந்தார்கள். அதாவது, அவர்களை அங்கே போட்டதே சட்டவிரோதம். முத்திரையை நீக்கிய இடம் என்று தெரிந்ததும் தயக்கம் குறைந்தது.

உள்ளேயும் சண்டை இருந்தது. அன்றைய நியூயார்க் மனநல நிபுணர்களுக்கு ஆழ்மனப் பகுப்பாய்வே எல்லாம். மேமி ஒத்துக்கொள்ளவில்லை. வாசிக்கவே தெரியாமல் வகுப்பில் தினமும் தலைகுனியும் பிள்ளையிடம் கனவைப் பற்றிக் கேட்டு என்ன பயன்? அதனால் சிகிச்சையோடு வாசிப்புப் பயிற்சியும் நடந்தது; குடும்பத்தின் வீட்டுப் பிரச்சினை, உணவுப் பிரச்சினையும் பேசப்பட்டது. இன்று பல நகரங்களின் குழந்தை மனநலத் திட்டங்கள் இதைச் சாதாரணமாகச் சொல்கின்றன. அன்று நன்கொடையாளர்களிடமே வாதாட வேண்டியிருந்தது.

1979 வரை மேமியே இயக்குநர். 1983-ல் இறந்தார். நார்த்சைடு இன்றும் இயங்குகிறது.