கம்பியில்லாமல் மணி அடித்த வாத்தியார்: உங்க கடை அலாரத்துக்கும் ஜெகதீஷ் சந்திர போஸுக்கும் என்ன சம்பந்தம்?

அருப்புக்கோட்டை பஜாரில் ராத்திரி பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு ஒருவர் வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குள் அலாரம் இருக்கு. யாராவது ஷட்டரைத் தூக்கினால், அது டெலிபோன் ஒயர் வழியாக அவரைக் கூப்பிடும். ஆனா வந்தவன் முதல்ல அந்த ஒயரையே வெட்டிட்டா?

அதுக்காகத்தான் அலாரம் பேனலுக்குப் பக்கத்தில் சிம் கார்டு போட்ட இன்னொரு சின்னப் பெட்டியை மாட்டுகிறார்கள். செல்லுலார் பேக்கப் யூனிட், சுருக்கமாக ஜிஎஸ்எம் பெட்டி. ஒயர் போனாலும் அது காற்று வழியாகச் செய்தியை அனுப்பிவிடும். சுவரைத் தாண்டி, கம்பியே இல்லாமல், இன்னொரு இடத்தில் மணி அடிக்கும்.

இதே வேலையை 1895-லேயே கொல்கத்தாவில் ஒரு காலேஜ் வாத்தியார் செய்து காட்டினார். அவர் ஜெகதீஷ் சந்திர போஸ். பாடப் புத்தகத்தில் செடிக்கு உணர்ச்சி உண்டு என்று சொன்னவராக நமக்குத் தெரிந்தவர்தான். அலாரத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? வாங்க, பார்க்கலாம்.

யார் இந்த போஸ்?

இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் 1858 நவம்பர் 30 அன்று பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ், அரசு அதிகாரி. அந்தக் காலத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்குப் போவதுதான் வழக்கம். ஆனால் அப்பா மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். விவசாயிகள், மீனவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வங்காளத்தில் படித்தார் போஸ்.

பிறகு கொல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரி. அங்கே இயற்பியல் நடத்திய பாதிரியார் லாஃபோன், சோதனைகளைச் செய்து காட்டியே பாடம் எடுப்பார். அங்கேதான் போஸுக்கு அறிவியல் பித்து பிடித்தது.

1880-ல் டாக்டருக்குப் படிக்க லண்டன் போனார். ஆனால் ஊரிலேயே பிடித்த காய்ச்சல் அங்கும் விடவில்லை. மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியர், பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ராலே பிரபு.

3 வருஷம் சம்பளமே வாங்காத வாத்தியார்

1885-ல் திரும்பி வந்து கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கே முதல் அடி விழுந்தது. ஒரே வேலைக்கு ஆங்கிலேயருக்கு முழுச் சம்பளம், இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்கு. போஸ் தற்காலிகப் பணியில் இருந்ததால் அதிலும் பாதிதான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு.

போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. தினமும் வகுப்புக்குப் போனார், பாடம் எடுத்தார். சம்பளத்தை மட்டும் தொடவே இல்லை. ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்லைங்க, மூணு வருஷம்!

அதுவும் எப்படிப்பட்ட நேரத்தில்? அப்பா தொடங்கிய தொழில்கள் நொடித்துப்போய் வீடு கடனில் மூழ்கிக் கிடந்தது. 1887-ல் அபலா தாஸுடன் கல்யாணமும் ஆனது. அபலாவுக்கு நம்ம ஊர்த் தொடர்பு ஒண்ணு உண்டு. கொல்கத்தா மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்க்காததால், அவர் மெட்ராஸுக்கு வந்து மருத்துவம் படித்தவர். உடல்நலக் குறைவால் அதை முடிக்க முடியாமல் போனது. பிற்காலத்தில் பெண் கல்விக்காகவே உழைத்தார்.

கடைசியில் நிர்வாகம்தான் இறங்கி வந்தது. போஸின் பணி நிரந்தரமானது, மூன்று வருடத்துக்கும் சேர்த்து முழுச் சம்பளம் கிடைத்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனை அடைக்கப் போனது. கடன் என்றால் என்னவென்று தெரிந்த கரிசல் காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுவரைத் தாண்டி அடித்த மணி

சம்பளம் கிடைத்தாலும் ஆய்வுக்கூடம் கிடைக்கவில்லை. கல்லூரியில் குளியலறையை ஒட்டிய ஒரு சின்ன அறைதான். கருவிகளைத் தகரம் அடிக்கும் உள்ளூர்த் தொழிலாளியை வைத்தே செய்துகொண்டார். ரயில்வே டைம்டேபிள் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே தகரத்தாள் செருகி, அதையும் ஒரு சோதனைக் கருவியாக்கினார். முறுக்கிய சணலை வைத்துக்கூட மின்காந்த அலைகளை ஆராய்ந்தார்.

மின்காந்த அலை உண்மையிலேயே இருக்கிறது என்று ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் நிரூபித்து அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஹெர்ட்ஸின் அலைகள் நீளமானவை. போஸ் அதை மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கினார். 2022-ல் நம் நாட்டில் 5ஜி ஏலத்தில் விடப்பட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இருக்கே, அந்த எல்லையில் எல்லாம் அவர் அன்றைக்கே சோதனை செய்துகொண்டிருந்தார்.

1895-ல் கொல்கத்தா டவுன் ஹாலில் கூட்டத்துக்கு முன்னால் அதைச் செய்து காட்டினார். ஒரு பக்கம் அலையை உண்டாக்கும் கருவி. சுவர்களுக்கு அந்தப் பக்கம் இன்னொரு அறையில் ஒரு மணி, கொஞ்சம் வெடிமருந்து. நடுவில் ஒயர் எதுவும் கிடையாது. பார்க்க வந்திருந்த லெப்டினன்ட் கவர்னர் மெக்கன்சியின் உடலையும் அந்த அலை கடந்து போனது. அந்தப் பக்கம் மணி அடித்தது, மருந்து வெடித்தது.

திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற பையன், அதாவது பின்னாளில் ரமண மகரிஷி, அப்போது மதுரையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அவ்வளவு பழைய கதை இது!

கேட்கிற பக்கம்தான் கஷ்டம்

அந்த மணி எப்படி அடித்தது? இங்கேதான் விஷயமே இருக்கு.

அலையை உண்டாக்குவது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. தீப்பொறி ஒன்று போதும். அந்தப் பக்கம் வந்து சேரும்போது அலை மெலிந்துபோயிருக்கும், அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அப்போது இருந்த கருவி, உலோகத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாய். பெயர் கோஹீரர். சாதாரண நேரத்தில் அதில் மின்சாரம் ஓடாது. அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் ஓடும், சுவிட்ச் விழும். ஆனால் ஒருமுறை ஒட்டினால், தட்டிவிட்டால்தான் மறுபடி வேலை செய்யும். ஈரமான வங்காளக் காற்றில் அது இன்னும் தகராறு.

போஸ் தூளைத் தூக்கிப் போட்டுவிட்டு, சின்னச் சின்ன சுருள்வில் கம்பிகளை வரிசையாக வைத்தார். அதன் அழுத்தத்தைத் திருகாணி வைத்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். பிறகு 1899-ல் இரும்பும் பாதரசமும் சேர்ந்த கருவியைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் அறிக்கை தந்தார். அதைத் தட்டிவிட வேண்டியதே இல்லை. அடுத்த செய்திக்குத் தானாகவே தயாராகிவிடும்.

1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சிக்னலை மார்கோனி கேட்டது, இதே வகைப் பாதரசக் கருவியை வைத்துத்தான். அதன் வேர் போஸின் கண்டுபிடிப்பு என்று பல ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2012-ல் ஐஇஇஇ என்ற உலகப் பொறியாளர் அமைப்பு போஸின் மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை மைல்கல்லாக அறிவித்தது. அதே சமயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தூரத்துக்குத் தந்தி அனுப்பும் தொழிலைக் கட்டி எழுப்பியவர் மார்கோனி. போஸின் ஆர்வம் அலையின் குணத்தைத் தெரிந்துகொள்வதில்தான் இருந்தது.

காசு வேணாம்னு சொன்னவர்

1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் போஸ் பேசினார். கருவியின் வேலையை ஒளிக்காமல் எல்லோருக்கும் விளக்கினார். காப்புரிமை எடுத்துக் காசாக்கலாம் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். அறிவு எல்லோருக்கும் பொது என்பது அவர் கொள்கை.

நண்பர்கள்தான் விடவில்லை. சகோதரி நிவேதிதாவும் அமெரிக்கரான சாரா புல்லும் வற்புறுத்தியதால், 1901-ல் அமெரிக்காவில் விண்ணப்பம் போனது. 1904-ல் காப்புரிமை கிடைத்தது. கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தை வைத்து அலையைக் கண்டறியும் கருவி அது. குறைக்கடத்திக் கருவிக்கு உலகில் கிடைத்த முதல் காப்புரிமைகளில் ஒன்று. இன்றைக்கு போனிலும் அலாரம் பெட்டியிலும் இருக்கும் சிப்புகள் எல்லாம் குறைக்கடத்திகள்தான். அந்தக் காப்புரிமையையும் போஸ் காசாக்கவில்லை.

அதன்பிறகு அவர் கவனம் செடிகள் பக்கம் திரும்பியது. செடியின் நுண்ணிய வளர்ச்சியைப் பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியைச் செய்தார். 1917-ல் தன் பிறந்தநாளன்று கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். குளியலறை ஓரத்தில் தான் பட்ட பாட்டை அடுத்தவர்கள் படக்கூடாது என்றுதான். 1920-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1937 நவம்பர் 23 அன்று கிரிதியில் காலமானார். 79-வது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

சரி, நம்ம ஊர் வீட்டில் மாட்டினால்?

திருச்சுழி, நரிக்குடி பக்கம் போனால் பூட்டிய வீடுகள் நிறைய. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பாங்க. அப்படி ஒரு வீட்டில் ஜிஎஸ்எம் பெட்டி மாட்டுகிறவர்கள் போஸ் பட்ட கஷ்டத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அனுப்புவது சுலபம், அந்தப் பக்கம் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி.

சிக்னல்: போஸ் தன் அலை கண்டபடி சிதறாமல் இருக்கக் கருவியை உலோகப் பெட்டிக்குள் வைத்தார். அதே காரணத்தால்தான் இரும்பு ஷட்டருக்குப் பின்னால், பீரோவுக்குப் பக்கத்தில் மாட்டிய பெட்டிக்கு டவர் எடுக்காது. ஆன்டெனாவை உயரத்தில், இரும்பு மறைக்காத இடத்தில் வைக்கணும். மாட்டப்போகும் சுவருக்குப் பக்கத்திலேயே நின்று, எந்த கம்பெனிக்கு டவர் நல்லா கிடைக்குது என்று பார்த்துவிட்டு சிம் வாங்குங்க.

சிம்: 2ஜி மட்டும் எடுக்கும் பழைய பெட்டியில் ஜியோ சிம் வேலை செய்யாது, அவங்ககிட்ட 2ஜி சேவை கிடையாது. எந்த சிம்மாக இருந்தாலும் ரீசார்ஜ் தீர்ந்துபோனால் பெட்டி ஊமைதான்.

கரண்ட்: கரண்ட் போனால் வைஃபையும் போயிடும். பேனலுக்கு உள்ளேயே பேட்டரி இருக்கணும், அது சார்ஜ் நிற்கிறதா என்று அவ்வப்போது பார்க்கணும்.

செட்டிங்: எந்த எண்ணுக்குக் கூப்பிடணும், கதவு திறந்து எத்தனை விநாடியில் ஹூட்டர் அலறணும் என்பதையெல்லாம் பல பெட்டிகளில் தூரத்தில் இருந்தே எஸ்எம்எஸ் அல்லது ஆப் மூலம் மாற்றலாம். சிங்கப்பூரில் இருக்கும் மகனே மாற்றிவிடலாம். பாஸ்வேர்டு தெரிந்த யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதும் அதே உண்மைதான். அதனால் பெட்டியோடு வரும் பாஸ்வேர்டை மாட்டின அன்னிக்கே மாத்திடுங்க.

கடைசியாக ஒன்று. நல்ல பெட்டிகளில் தினமும் ஒரு சோதனைச் செய்தி வரும்படி செட் பண்ணலாம். அது வராத நாள்தான் நீங்கள் உஷாராக வேண்டிய நாள். மாசத்துக்கு ஒருமுறை ஒயரைக் கழற்றிவிட்டு, அலாரத்தை நீங்களே கிளப்பிப் பாருங்க. கையில் இருக்கும் போன் அடிக்கிறதா?

அடித்தால் நிம்மதியா தூங்கலாம். கொல்கத்தா டவுன் ஹாலில் போஸும் அன்றைக்கு இதற்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருப்பார்.