10 கினி ரகசியமும் 6 பென்ஸ் புத்தகமும்: முரட்டுக் குதிரைகளைப் பழக்கிய ஜான் ரேரி யார்?

லாயத்தின் கதவைத் திறக்கவே வேலைக்காரர்கள் பயந்தார்கள். உள்ளே நின்ற குதிரையின் பெயர் க்ரூஸர். நல்ல பந்தயப் பரம்பரையில் பிறந்த பொலிகுதிரை. ஆனா கிட்டே போனால் கடிக்கும், உதைக்கும். அதனால் அதன் தலையில் கனமான இரும்பு வாய்ப்பூட்டை மாட்டி வைத்திருந்தார்கள். கிட்டத்தட்ட 3 வருஷமாக அதன் முதுகில் யாருமே ஏறியதில்லை.

1858 ஏப்ரலில், அந்த லாயத்துக்குள் 30 வயது அமெரிக்கர் ஒருவர் தனியாகப் போனார். சுமார் 3 மணி நேரத்தில் அவர் அந்தக் குதிரை மீது ஏறி உட்கார்ந்திருந்தார். குதிரையின் உரிமையாளரான டார்செஸ்டர் பிரபுவும் ஏறி சவாரி செய்தார். இதைப் பிரபுவே கடிதமாக எழுத, அது பத்திரிகையில் வெளியானது. இங்கிலாந்து முழுக்க அதே பேச்சு.

அந்த அமெரிக்கர்தான் ஜான் சாலமன் ரேரி. இன்று வெளிநாடுகளில் குதிரைப் பயிற்சியாளர்கள் ஊர் ஊராகப் போய், கட்டணம் வாங்கிக்கொண்டு, முரட்டுக் குதிரைகளை வைத்தே பாடம் நடத்துகிறார்கள் இல்லையா? அந்த வழக்கத்தைப் பெரிய அளவில் பிரபலமாக்கியவர் இவர். அவர் சொல்லிக்கொடுத்த முறை சரியா தவறா என்ற விவாதமோ இன்றும் ஓயவில்லை.

கிராமத்துப் பையன்

ரேரி பிறந்தது 1827 டிசம்பர் 6ஆம் தேதி, அமெரிக்காவின் ஓஹியோ மாகாணத்தில் உள்ள க்ரோவ்போர்ட் என்ற சிறிய ஊரில். பண்ணைக் குடும்பம். சின்ன வயசிலேயே குதிரைகளோடுதான் பொழுது. அக்கம்பக்கத்துக்காரர்கள் அடங்காத குதிரைகளை இவரிடம் ஓட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

அந்தக் காலத்தில் வண்டி, உழவு, பயணம், போர் எல்லாத்துக்கும் குதிரைதான். குதிரையைப் பழக்குவதற்குப் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. அடி. சாட்டை, குத்துமுள், முரட்டுக் கடிவாளம் எல்லாம் போட்டு, அது சோர்ந்து விழும் வரை அடிப்பார்கள். அதற்கும் அடங்காத குதிரைக்குக் கடைசியில் துப்பாக்கிக் குண்டுதான்.

ரேரி வேறு மாதிரி யோசித்தார். குதிரை கெட்ட எண்ணத்தால் உதைப்பதில்லை, பயத்தால் உதைக்கிறது என்பதுதான் அவருடைய முடிவு. புதுப் பொருளை அது மோந்து பார்க்கட்டும், மூக்கால் தொட்டுப் பார்க்கட்டும். வலிக்காது என்று புரிந்துவிட்டால் பயம் போய்விடும். இதை வைத்து 1856இல் ஒரு சிறு புத்தகமும் எழுதினார். அமெரிக்காவில் அப்போது அது பெரிதாகப் பேசப்படவில்லை.

அரசி முன்னால் ஒரு காட்சி

1857இல் ரேரி கனடா போனார். அங்கே பிரிட்டிஷ் படைத் தளபதியாக இருந்த சர் வில்லியம் ஐர், இவருடைய திறமையைப் பார்த்து அசந்துபோய், இங்கிலாந்தில் உள்ள பெரிய அதிகாரிகளுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார். அந்த வருஷக் கடைசியிலேயே ரேரி கப்பலேறிவிட்டார்.

1858 ஜனவரியில் வின்ட்சர் அரண்மனைக்கு அழைப்பு வந்தது. விக்டோரியா அரசி, அவருடைய கணவர் ஆல்பர்ட் இருவர் முன்னிலையிலும் குதிரைகளைப் பழக்கிக் காட்டினார். குதிரையோடு தன்னைக் கொஞ்ச நேரம் தனியாக விடச் சொன்னாராம். அரச குடும்பத்தினர் திரும்பி வந்து பார்த்தபோது, குதிரை தரையில் படுத்திருக்க, அதன் குளம்பு மீதே தலை வைத்து ரேரியும் படுத்திருந்தார் என்று சொல்வார்கள்.

அரசியே பார்த்துவிட்டார். அப்புறம் சும்மா இருப்பார்களா லண்டன் பணக்காரர்கள்?

ஒரு ஆளுக்கு 10 கினி

ரேரி வகுப்பு நடத்த முடிவு செய்தார். கட்டணம் ஒரு ஆளுக்கு 10 கினி. ஒரு கினி என்பது 21 ஷில்லிங். அதாவது 10 பவுண்டுக்கும் மேல். சாதாரண வேலைக்காரர் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத தொகை. 500 பேர் பெயர் கொடுத்த பிறகுதான் வகுப்பு தொடங்கும் என்றும் அறிவித்தார்.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. சேருகிற ஒவ்வொருவரும், கற்றுக்கொண்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அப்படியும் கூட்டம் வந்தது. 1858 மார்ச்சில், வெலிங்டன் கோமகனின் சவாரிப் பள்ளியில் வகுப்பு தொடங்கியது. பிரபுக்கள், ராணுவ அதிகாரிகள், வேட்டைக்காரர்கள், சீமாட்டிகள் எனப் பலரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். நடுவில் ரேரியும் ஒரு முரட்டுக் குதிரையும்.

ரேரி அப்படி என்ன செய்தார்?

பார்க்க ரொம்ப எளிமைதான். முதலில் குதிரையிடம் மெதுவாகப் போவார். தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே கழுத்தைத் தடவுவார். பிறகு அதன் இடது முன்னங்காலை மடித்து, ஒரு தோல் வாரால் மடித்தபடியே கட்டிவிடுவார். குதிரை இப்போது மூன்று காலில் நிற்கிறது. உதைக்கவும் முடியாது, ஓடவும் முடியாது.

அடுத்து, வலது முன்னங்காலில் இன்னொரு வார். அதை வயிற்றைச் சுற்றிக் கட்டிய பட்டை வழியாக இழுத்துக் கையில் பிடித்துக்கொள்வார். குதிரை துள்ளும்போது அந்த வாரை இழுத்தால் இரண்டு முன்னங்காலும் மடிந்து முழங்காலில் நிற்கும். சில நிமிஷம் போராடும். பிறகு களைத்து மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும்.

ரேரியின் பார்வையில், உண்மையான பாடம் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. குதிரை விழுந்ததும் அவர் அடிக்க மாட்டார். கட்டை அவிழ்த்து, காலையும் வயிற்றையும் தலையையும் தடவிக் கொடுப்பார். அதன் மேல் உட்காருவார். காதுக்குப் பக்கத்தில் மேளம் அடிப்பார், குடையை விரிப்பார். எதுவும் தன்னைக் காயப்படுத்தவில்லை என்று குதிரை உணரும் வரை இது தொடரும். எழுந்து நிற்கும்போது அது வேறு குதிரை மாதிரி இருக்கும்.

வாரைக் கட்டுவது எல்லோருக்கும் வரும். அந்த நேரத்தில் கோபப்படாமல், பயப்படாமல், அவசரப்படாமல் இருப்பதுதான் கஷ்டம். கோபமும் பயமும் உள்ளவன் குதிரைக்காரனாக முடியாது என்பதே ரேரி திரும்பத் திரும்பச் சொன்னது.

க்ரூஸர் என்ற பரீட்சை

இருந்தாலும் சந்தேகப்பட்டவர்கள் நிறைய. சாதுவான குதிரைகளை வைத்து வித்தை காட்டுகிறார் என்றார்கள். நிஜமான முரடனைப் பழக்கிக் காட்டட்டும் என்று சவால் வந்தது. அந்தச் சவால்தான் க்ரூஸர்.

ரேரி ஜெயித்தார். குதிரை அவர் கைக்கே வந்து சேர்ந்தது. அடுத்த சில நாளில் லண்டன் வகுப்பில் வாய்ப்பூட்டு இல்லாமல் நின்றது க்ரூஸர். சொன்னபடி கேட்டது. சந்தேகப்பட்ட பலரும் அதோடு பணத்தைக் கட்டினார்கள். லண்டன் மிருகக்காட்சிசாலையின் வரிக்குதிரை ஒன்றைக்கூட ரேரி பழக்கிக் காட்டினார். அவருடைய பெயரை வைத்து ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லே உருவானது. குதிரையைக் கனிவாகப் பழக்குவது என்று அதற்கு அர்த்தம்.

ரகசியம் உடைந்தது

அப்போதுதான் இடி விழுந்தது. ரேரி அமெரிக்காவில் 1856இல் போட்ட அந்தச் சிறு புத்தகத்தை லண்டனின் ரௌட்லெட்ஜ் பதிப்பகம் 1858இலேயே மறுபதிப்பு செய்தது. விலை வெறும் 6 பென்ஸ்.

கணக்குப் போட்டுப் பாருங்க. வகுப்புக்குக் கட்டிய 10 கினியில் இந்தப் புத்தகத்தை 420 பிரதிகள் வாங்கலாம்!

வேறு வழியில்லாமல், ரகசியம் காக்க வேண்டும் என்ற உறுதிமொழியிலிருந்து எல்லோரையும் ரேரி விடுவித்தார். இதோடு அவர் கதை முடிந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. புத்தகம் படித்தவர்கள் வாரை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனார்கள். குதிரையைக் கட்டத் தெரிந்தது. விழ வைக்கவும் தெரிந்தது. ஆனா பலருக்கு ரேரிக்குக் கிடைத்த பலன் கிடைக்கவில்லை. ஆகவே அவர் வேலை செய்வதை நேரில் பார்க்கக் கூட்டம் தொடர்ந்து வந்தது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் அவர் பயணம் போனார்.

அவருக்கு முன்னால், அயர்லாந்தில் டேன் சல்லிவன் என்றொருவர் இருந்தார். லாயத்தை உள்ளே தாழிட்டுக்கொண்டு, முரட்டுக் குதிரையை அடக்கி வெளியே கூட்டி வருவார். காதில் ஏதோ கிசுகிசுக்கிறார் என்று ஊரே நம்பியது. அவர் ரகசியம் அவரோடே மண்ணுக்குள் போனது. ரேரியின் ரகசியமோ 6 பென்ஸுக்கு வீதியில் கிடைத்தது. ஒருவிதத்தில் அதுதான் அவர் செய்த பெரிய நன்மை. இது மந்திரமோ மருந்தோ இல்லை, யார் வேண்டுமானாலும் கற்கக்கூடிய வேலை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இது உண்மையிலேயே கனிவா?

இன்றைய விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் பலர் எழுப்பும் கேள்வி இது. காட்டில் வேட்டையாடப்படும் இனம் குதிரை. ஓட்டம்தான் அதன் முக்கியமான பாதுகாப்பு. காலைக் கட்டி, தரையில் சாய்த்து, மேலே ஒருவர் உட்கார்ந்தால் அது அமைதியாவது நம்பிக்கையாலா, இல்லை இனி எதுவும் செய்ய முடியாது என்று கைவிட்டதாலா?

வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அசையாமல் கிடக்கிற குதிரை நிம்மதியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அதனால் இன்று பல பயிற்சியாளர்கள் குதிரையைக் கட்டிச் சாய்ப்பதைத் தவிர்க்கிறார்கள். மெல்லிய அழுத்தம் கொடுப்பது, குதிரை சரியாகச் செய்த அந்த நொடியே அழுத்தத்தை விடுவது, சின்னச் சின்ன படியாக முன்னேறுவது. இதுதான் அவர்கள் வழி.

அதே சமயம், ரேரியை அவர் காலத்தில் வைத்தும் பார்க்க வேண்டும். சாட்டையால் ரத்தம் வர அடிப்பதே பயிற்சி என்று இருந்த உலகத்தில், குதிரைக்கும் பயம் இருக்கிறது, அதைப் புரிந்துகொள்வது மனிதனின் வேலை என்று ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் நின்று காட்டியவர் அவர்.

38 வயதில் மரணம், அதன் பிறகு க்ரூஸர்

க்ரூஸரையும் கூட்டிக்கொண்டு ரேரி அமெரிக்கா திரும்பினார். உள்நாட்டுப் போர் வெடித்திருந்த காலம். 1862இல் வடக்குப் படையின் குதிரைகளைப் பார்வையிட்டு ஆலோசனை சொல்லும் பொறுப்பு அவரிடம் வந்தது.

ஆனா உடல் ஒத்துழைக்கவில்லை. பக்கவாதம் தாக்கியது. 1866 அக்டோபர் 4ஆம் தேதி, க்ளீவ்லேண்ட் நகரில் இறந்தார். வயது 38தான்.

க்ரூஸர் க்ரோவ்போர்ட்டில் இருந்தது. எஜமானர் போன பிறகு அதைக் கையாண்டவர்களிடம் அந்தப் பொறுமை இல்லை. குதிரை மறுபடியும் பழைய முரட்டுத்தனத்துக்குத் திரும்பிவிட்டது என்று சொல்லப்படுகிறது. 1875இல் அது இறந்தது.

இன்று குதிரைப் பயிற்சி முகாமுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மேடையில் ஒரு நிபுணர் 3 மணி நேரத்தில் குதிரையை மாற்றிக் காட்டலாம். கைத்தட்டல் அள்ளலாம். மறுநாள் காலையில் அந்தக் குதிரைக்குத் தீனி வைப்பவர், சேணம் போடுபவர், தினமும் அதன் பக்கத்தில் நிற்பவர் மாறவில்லை என்றால், குதிரையும் பழையபடி ஆகிவிடும். நல்ல பயிற்சியாளர்கள் பலர், தாங்கள் பழக்குவது குதிரையைவிட அதன் உரிமையாளரைத்தான் என்று நினைப்பதற்குக் காரணமும் இதுவே.

க்ரோவ்போர்ட் ஊர்க்காரர்கள் இரண்டு பேரையும் மறக்கவில்லை. ரேரி அந்த ஊரில்தான் அடக்கம் செய்யப்பட்டார். அங்குள்ள உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணிகளுக்கு இன்றும் 'க்ரூஸர்ஸ்' என்றுதான் பெயர். ஒரு காலத்தில் யாரும் கிட்டே போக முடியாத ஒரு குதிரையின் பெயர் அது.