ஸர் ஆசுதோஷ் முகர்ஜியும் கல்கத்தா ஸர்வகலாசாலையும்

பொது ஜனங்களின் பணத்தில் நடக்கும் ஸர்வகலாசாலையில் சர்க்காரின் கை எதுவரை நீளலாம் என்னும் கேள்வி, நம் நாட்டில் நூறு வருஷங்களுக்கு மேலாகத் தீர்வின்றி இருந்துவருகிறது. ஆட்சிகள் மாறின, மந்திரிகள் மாறினார்கள், உபவேந்தரை நியமிக்கும் உரிமை யாருடையது, மானியத்துடன் வரும் நிபந்தனைகளுக்கு எல்லை எது என்ற தகராறு மட்டும் மாறவில்லை. இக்கேள்விக்குத் தமது பதவியையே பணயமாக வைத்து விடை கூறியவர் ஸர் ஆசுதோஷ் முகர்ஜி. அவர் காலஞ்சென்று நூறு வருஷங்கள் கடந்துவிட்டன. வங்காளத்தில் அவர் பெயரை அறியாதார் இல்லை. இன்றைய தமிழ் நாட்டின் எல்லைக்குள் பிறந்த இரண்டு பெரியார்கள் உலகப் புகழ் எய்துவதற்கும் அவர் காரணமாயிருந்தார் என்பதை நம்மவர்களில் பலர் மறந்துவிட்டனர். ஆகவே அவருடைய சரித்திரத்தை வாசகர்களுக்கு நினைவூட்டுவது அவசியமென்று கருதுகிறோம்.

கல்கத்தா ஸர்வகலாசாலை 1857-ம் வருஷம் ஜனவரி 24-ந் தேதி சட்டப்படி ஸ்தாபிக்கப்பட்டது. பம்பாயும் சென்னையும் அதே வருஷத்தில் பின்தொடர்ந்தன. மூன்றும் லண்டன் ஸர்வகலாசாலையை முன்மாதிரியாகக் கொண்டவை. அதாவது, அவை பரீக்ஷை வைத்துப் பட்டம் வழங்குமே யல்லாமல் பாடம் சொல்லிக் கொடுப்பதில்லை. பாடம் சொல்வது கல்லூரிகளின் வேலை. 1858-ல் நடந்த முதல் பி. ஏ. பரீக்ஷையில் தேறியவர் இருவர். அவர்களில் ஒருவர் பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயர். பிறகு தொகை பெருகிற்று. வங்காளம், பீஹார், ஒரிஸ்ஸா, அஸ்ஸாம், பர்மா ஆகிய அவ்வளவு நாடுகளின் மாணாக்கர்களும் ஒரே ஸர்வகலாசாலையின் பரீக்ஷைக்கு உட்கார்ந்தனர். வினாத்தாள் கொடுத்து விடைத்தாள் வாங்கும் காரியம் ஐம்பது வருஷம் நடந்தது. ஆராய்ச்சி என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. இந்த நிலையை மாற்றியவர்தான் ஆசுதோஷ்.

அவர் பிறந்தது 1864-ம் வருஷம் ஜூன் 29-ந் தேதி, கல்கத்தாவில். தந்தையார் கங்காபிரசாதர் வைத்தியத் தொழிலில் பெயர் பெற்றவர். தாயார் ஜகத்தாரிணி தேவி. பிரஸிடென்ஸி கல்லூரியில் படிக்கும்போதே கணிதத்தில் அவருக்கிருந்த வல்லமை வெளிப்பட்டது. இருபது வயது நிரம்பாத மாணாக்கர் எழுதிய கணிதக் குறிப்பை இங்கிலாந்தின் சாஸ்திரப் பத்திரிகை ஒன்று பிரசுரித்தது. 1885-ல் கணிதத்திலும், அடுத்த வருஷம் இயற்கை விஞ்ஞானத்திலும் எம். ஏ. பட்டம் பெற்றார். பிரேம்சந்த் ராய்சந்த் பரிசும் கிடைத்தது. வேறு தேசத்தில் பிறந்திருந்தால் அத்தகைய இளைஞரை ஒரு ஸர்வகலாசாலை கணித ஆசிரியராக்கி வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொண்டிருக்கும். இங்கோ, கற்பிக்கும் ஸர்வகலாசாலையே இல்லை. கல்வி இலாகாவில் வெள்ளையருக்கு ஒரு தரம், இந்தியருக்கு ஒரு தரம். ஆதலால் அவர் சட்டம் பயின்று 1888-ல் ஹைகோர்ட் வக்கீலானார். கணித சாஸ்திரம் ஒரு பண்டிதரை இழந்தது.

சட்டத் துறையில் அவருடைய உயர்வைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. 1904-ல் ஹைகோர்ட் நீதிபதியானார். 1920-ல் தற்காலிகமாகப் பிரதம நீதிபதி ஸ்தானத்தையும் வகித்தார். அவருடைய தீர்ப்புகளின் நீளத்தையும், அவற்றில் அடுக்கடுக்காக வரும் முன் தீர்ப்புகளின் தொகையையும் கண்டு மலைக்காத வக்கீல் எங்கள் தொழிலில் இல்லை. அவருடைய உள்ளம் மட்டும் செனேட் மாளிகையில் இருந்தது. இருபத்தைந்து வயதிலேயே, 1889-ல், செனேட் அங்கத்தினராகிவிட்டார்.

லார்டு கர்ஸன் 1904-ல் கொண்டுவந்த ஸர்வகலாசாலைச் சட்டத்தைத் தேசாபிமானிகள் ஒருமுகமாக எதிர்த்தனர். செனேட்டில் சர்க்கார் நியமனங்களை நிரப்பி, படித்த இந்தியரின் குரலை ஒடுக்குவதே அதன் நோக்கமென்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. சட்டசபையில் ஆசுதோஷும் அம்மசோதாவைக் கண்டித்தார். ஆனால் அதே சட்டத்தில், ஸர்வகலாசாலை தானே ஆசிரியர்களை நியமித்துப் போதிக்கலாம் என்று ஒரு ஷரத்து இருந்தது. இயற்றியவர்கள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. 1906-ல் உபவேந்தரானதும் ஆசுதோஷ் அந்த ஷரத்தைப் பற்றிக்கொண்டார். பகைவன் கட்டிய கோட்டைக்குள் புகுந்து உட்புறமாகத் தாழிட்டுக் கொண்டவரைப் போல, கர்ஸனுடைய சட்டத்தைக் கொண்டே கர்ஸன் கனவிலும் கருதாத ஒரு கலாசாலையைக் கட்ட முற்பட்டார்.

உபவேந்தர் பதவிக்கு அக்காலத்தில் சம்பளம் கிடையாது. காலையில் பவானிபூர் இல்லத்தில் மாணாக்கரும் ஆசிரியரும் மனு கொடுக்க வந்தவரும் கூடியிருப்பார்கள். பகலில் நீதி ஸ்தலம். மாலையில் செனேட் மாளிகை. இவ்விதம் 1906 முதல் 1914 வரை தொடர்ந்து எட்டு வருஷம் உழைத்தார். சட்டக் கல்லூரி எழுந்தது. தர்பங்கா மகாராஜாவின் கொடையால் நூல் நிலையத்திற்குக் கட்டிடம் ஏற்பட்டது. எனினும், அவருடைய காரியங்களுள் தலைசிறந்தது விஞ்ஞானக் கல்லூரியே.

அதற்குப் பணம் கொடுத்தவர்கள் யார்? சர்க்கார் தந்த உதவி மிகச் சொற்பம். கொடுத்தவர்கள் இரண்டு வக்கீல்கள். ஸர் தாரகநாத் பாலித் 1912-ல் ரொக்கமும் நிலமுமாக ஏறக்குறைய 15 லக்ஷம் ரூபாய் கொடுத்தார். 1908-ல் சென்னையில் கூடிய காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவரான ராஷ் பிஹாரி கோஷ், 1913-ல் 10 லக்ஷம் கொடுத்தார். இருவரும் சுதேசி இயக்கத்தின்போது தேசீயக் கல்விக்காகப் பாடுபட்டவர்கள். அப்படிப்பட்டவர்கள் தம் பொருளைச் சர்க்கார் சட்டத்துக்குட்பட்ட ஸர்வகலாசாலையில் ஒப்புவித்தது ஆசுதோஷிடம் வைத்த நம்பிக்கையால்தான். தங்கள் நிதியால் ஏற்படும் ஆசிரியர் பதவிகளில் இந்தியர்களே நியமிக்கப்பட வேண்டும் என்று இருவரும் நிபந்தனை விதித்தனர். 1914-ம் வருஷம் மார்ச்சு 27-ந் தேதி கல்லூரிக்கு அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. அதற்குச் சில தினங்களில் ஆசுதோஷின் உபவேந்தர் பதவி முடிவுற்றது. பதவி போயிற்றே யொழிய, செனேட்டில் அவர் செல்வாக்கு குறையவில்லை.

ஆசிரியர்களைத் தேடிப் பிடிப்பதில் அவருக்கிருந்த திறமையை அற்புதமென்றே சொல்ல வேண்டும். பொருட்காட்சியில் ரத்தினம் பார்ப்பவரைப் போல் ஆள் பார்த்தார். திருச்சிராப்பள்ளியில் பிறந்து சென்னையில் படித்த ஓர் இளைஞர், கல்கத்தாவில் பொக்கிஷ இலாகாவின் உத்தியோகத்தில் அமர்ந்திருந்தார். ஆபீஸுக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் பௌபஜார் தெருவிலுள்ள விஞ்ஞான சங்கத்தில் ஒலியைப் பற்றி ஆராய்ச்சி செய்வது அவர் வழக்கம். அவர்தான் சந்திரசேகர வேங்கட ராமன். பாலித் பௌதிக ஆசிரியர் பதவிக்கு அவரே தக்கவர் என்று ஆசுதோஷ் தீர்மானித்தார். அப்பதவியை ஏற்பவர் வெளிநாடு சென்று பயிற்சி பெற வேண்டும் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ராமன் அதற்கு இணங்கவில்லை. சாமானிய நிர்வாகியாயிருந்தால் விதியைக் காட்டி வேறொருவரைத் தேடியிருப்பார். ஆசுதோஷ் விதியைத் தளர்த்தி மனிதரை வைத்துக்கொண்டார். 1917-ல் ராமன் அதிகச் சம்பளமுள்ள சர்க்கார் வேலையை விட்டுக் குறைந்த சம்பளத்திற்கு ஆசிரியராக வந்தார். அந்தக் கல்கத்தாவில்தான் 1928-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டது. 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டையும் காண ஆசுதோஷ் உயிருடன் இல்லை. மைசூரில் தத்துவ சாஸ்திரம் போதித்துவந்த, திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனை 1921-ல் ஐந்தாம் ஜார்ஜ் பெயரால் அமைந்த பீடத்துக்கு வரவழைத்தவரும் அவரே. வங்காளத்தில் வங்காளிகள் இல்லையா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர் செவிசாய்க்கவில்லை.

இளைஞர்களிடம் அவர் நடந்துகொண்ட முறைக்கு ஓர் உதாரணம். 1915-ல் எம். எஸ்ஸி. தேறிய மேகநாத் ஸாஹாவும் ஸத்யேந்திரநாத் போஸும் அவரிடம் சென்று, ஐரோப்பாவில் தோன்றியுள்ள புதிய பௌதிக சாஸ்திரத்தை இங்கும் போதிக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டனர். போதிக்க ஆளில்லை என்று அவர் கைவிரிக்கவில்லை. கேட்க வந்தவர்களையே படித்துப் போதிக்கும்படி ஏற்பாடு செய்தார். மகாயுத்தத்தின் நடுவில் புஸ்தகங்கள் கிடைப்பது அரிது. ஜெர்மன் பாஷையைக் கற்றுக்கொண்டு, கிடைத்ததைப் படித்துக்கொண்டே வகுப்பு நடத்தினார்கள். அவ்விருவரும் மொழிபெயர்த்த ஐன்ஸ்டைனின் கட்டுரைகளைக் கல்கத்தா ஸர்வகலாசாலை 1920-ல் புஸ்தகமாக வெளியிட்டது.

கலாசாலைகள் நிறைந்த காலேஜ் தெரு, அதனருகே கோல்திகி என்னும் குளம், பழைய புஸ்தகக் கடைகள், கிழக்கு வங்காளத்துக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள் கூட்டாகப் பணம் போட்டுச் சமைத்துண்ட மெஸ் வீடுகள், அங்கே இராப்பகலாக நடந்த அரசியல் தர்க்கங்கள்: இவையே அக்காலத்து மாணாக்கர் வாழ்க்கை. வங்கப் பிரிவினைக்குப் பிறகு அவ்வீடுகளைப் போலீஸார் கண் வைத்துக் காத்தனர். 1916-ல் பிரஸிடென்ஸி கல்லூரியில் ஓட்டன் என்னும் ஆங்கில ஆசிரியரை மாணாக்கர் சிலர் தாக்கினார்கள். சுபாஷ் சந்திர போஸ் கல்லூரியினின்றும் நீக்கப்பட்டார். விசாரணைக் கமிட்டிக்குத் தலைவர் ஆசுதோஷ். கமிட்டியின் அறிக்கை மாணாக்கர்களுக்கு அனுகூலமாக இல்லை. நீதிபதியின் கடுமை அன்று மேலோங்கியது என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் மறு வருஷம், சுபாஷ் மீண்டும் படிக்க அனுமதி கேட்டபோது வழி திறந்ததும் ஆசுதோஷின் தயவால்தான். 1917-ல் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஒரு பிள்ளையின் வாழ்வு பாழாகாமல் தப்பிற்று.

அவரிடம் குறைகளே இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. செனேட்டில் தம் கட்சியைத் திரட்டி வைத்துக்கொண்டு தம் எண்ணப்படியே அனைத்தையும் நடத்தினார். தேர்ச்சி விகிதத்தை உயரவிட்டுப் பரீக்ஷைகளின் தரத்தைத் தாழ்த்தினார். பரீக்ஷைக் கட்டண வருமானத்தை நம்பி வரவுக்கு மிஞ்சிய துறைகளைத் தொடங்கினார்: இப்படியெல்லாம் குற்றஞ்சாட்டப்பட்டார். குற்றம் சாட்டியவர்களில் சரித்திரப் பேராசிரியர் ஜதுநாத் ஸர்க்கார் ஒருவர்; அவர் பின்னர் அதே ஸர்வகலாசாலையின் உபவேந்தரானார். குற்றச்சாட்டில் உண்மையும் உண்டு. ஆயினும் 1919-ல் வங்க பாஷையை எம். ஏ. வகுப்புக்குரிய பாடமாக்கியவர், வரவு செலவை மட்டும் பார்த்திருந்தால் அதைச் செய்திருக்க மாட்டார்.

1921-ல் அவர் மீண்டும் உபவேந்தரானபோது ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்தது. சித்தரஞ்சன் தாஸின் அழைப்புக்கு இணங்கி மாணாக்கர்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். ஸர்வகலாசாலையை அடிமைகளை உண்டாக்கும் இடமென்று தலைவர்கள் இகழ்ந்தனர். அதை வெறுமையாக்கிவிட்டுச் சுயராஜ்யத்துக்கு வேண்டிய அறிவாளிகளை எங்கிருந்து பெறுவது என்பது ஆசுதோஷின் கக்ஷி. பொது ஜன உற்சாகத்துக்கு எதிராக நின்று அதைச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். சர்க்காருக்கு அவர் தாசர் என்று அன்று பேசியவர்களுக்கு, இரண்டு வருஷத்துக்குள் பதில் கிடைத்தது.

ஸர்வகலாசாலை பணமுடையால் தத்தளித்தது; ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதே கஷ்டமாயிற்று. 1922-ல் வங்காள சர்க்கார் இரண்டரை லக்ஷம் ரூபாய் மானியம் தருவதாகவும், அதற்குப் பிரதியாக வரவு செலவு விஷயங்களில் சர்க்காரின் மேற்பார்வைக்கு இணங்க வேண்டுமென்றும் நிபந்தனைகள் அனுப்பிற்று. இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பொழுது இரட்டையாட்சி, கல்வி இலாகா இந்திய மந்திரியின் வசம் இருந்தது. நிபந்தனையை விதித்தது சுதேசிக் கை. அதனால் அதன் பிடி லேசாகிவிடுமென்று ஆசுதோஷ் எண்ணவில்லை. அந்த வருஷம் டிஸம்பரில் செனேட்டில் அவர் ஆற்றிய பிரசங்கம் வங்காளத்தையே அதிரச் செய்தது. சுதந்திரத்தை விற்றுப் பணம் பெறுவதைவிடப் பட்டினி கிடப்பது மேல் என்பதும், வங்காளத்தாரின் வாசல்தோறும் சென்று யாசித்தாவது ஸர்வகலாசாலையைக் காப்போம் என்பதும் அதன் கருத்து. செனேட் மானியத்தை நிராகரித்தது.

கவர்னர் லார்டு லிட்டன், ஸர்வகலாசாலையின் வேந்தருமாவார். 1923 மார்ச்சில் அவர் ஆசுதோஷுக்கு ஒரு கடிதம் எழுதினார்: சர்க்காரை எதிர்ப்பதை விட்டு, அனுசரித்துப் போவதாக உறுதி கூறினால் மறுபடியும் உபவேந்தராக நியமிக்கத் தயார் என்பது அதன் சாரம். மார்ச்சு 26-ந் தேதியிட்ட பதிலில் ஆசுதோஷ் அந்தக் கௌரவம் தமக்கு வேண்டாமென்று தெரிவித்தார். அத்தகைய கட்டுப்பாட்டுக்கு உடன்படும் ஒருவர் அந்த ஆசனத்துக்குத் தகுந்தவராகமாட்டார் என்பது அவர் எடுத்துக்காட்டிய நியாயம். அப்போது அவர் ஹைகோர்ட் நீதிபதி. ஸர் பட்டம் பெற்றவர். கவர்னருக்கு அவ்விதம் எழுதியவர் எவருமில்லை. கடிதங்கள் வெளியானதும், அவரைத் தூற்றிய பத்திரிகைகளே அவரைப் போற்றின.

அந்த வருஷமே அவர் அருமை மகள் கமலா காலமானாள். பால்யத்தில் விதவையான அவளுக்கு 1908-ல், ஜாதியாரின் கோபத்தைப் பொருட்படுத்தாமல், மறுமணம் செய்வித்தவர் அவர். மகளின் பெயரால் ஸர்வகலாசாலையில் கமலா சொற்பொழிவுகளை ஏற்படுத்தினார். 1926-ல் அச்சொற்பொழிவுகளை நிகழ்த்தியவர் நம் ஸ்ரீநிவாச சாஸ்திரியார். 1923-ன் இறுதியில் நீதிபதி பதவியினின்றும் விலகி, மீண்டும் வக்கீலாகி, தும்ராவ் ஜமீன் வழக்கை நடத்துவதற்காகப் பாட்னா சென்றார். அங்கே 1924-ம் வருஷம் மே 25-ந் தேதி திடீரென நோயுற்று மரணமடைந்தார். அறுபது வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. உடல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

செனேட் மாளிகை 1960-ல் இடிக்கப்பட்டுவிட்டது. விஞ்ஞானக் கல்லூரி நிற்கிறது. பவானிபூர் வீட்டில் அறை அறையாக அவர் சேர்த்திருந்த ஏறக்குறைய 80,000 புஸ்தகங்களை, அவருடைய புதல்வர்கள் 1949-ல் கல்கத்தாவிலுள்ள தேசீய நூல் நிலையத்திற்கு அளித்தனர். அவை அங்கே அவர் பெயராலேயே தனிப்பகுதியாக வைக்கப்பட்டிருக்கின்றன.