மிஷன் ஏற்க மறுத்த மருத்துவர்: மேரி ரட்ணம்

பிள்ளை பெற்ற பெண் வீட்டோடு இருக்க வேண்டுமா, வேலைக்குப் போகலாமா? தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இக்கேள்வி இன்னும் ஓயவில்லை. வீட்டில் இருக்கச் சொல்பவர்கள் பவுல் தீத்துவுக்கு எழுதிய நிருபத்தைக் காட்டுவார்கள். மறுப்பவர்கள் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். அதில் வரும் குணசாலியான பெண் நிலம் வாங்குகிறாள், திராட்சைத் தோட்டம் போடுகிறாள், நெய்த துணியை விற்கிறாள். வேதத்தை வைத்து இரு தரப்பும் நாள் முழுக்க வாதாடலாம். எனக்கு அந்த வாதத்தைவிட டாக்டர் மேரி ரட்ணத்தின் வாழ்க்கைதான் அதிகம் சொல்வதாகப் படுகிறது.

மேரி ஹெலன் இர்வின் 1873-இல் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் பிறந்தவர். டொரொண்டோவில் மருத்துவம் பயின்றார். பெண்கள் மருத்துவராவது அரிதாக இருந்த காலம் அது. ஆனால் மிஷன் சங்கங்களுக்குப் பெண் மருத்துவர்கள் தேவைப்பட்டனர். ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்டக் கூசிய பெண்கள் கீழை நாடுகளில் ஏராளம். ஆகவே மணமாகாத ஒரு பெண் கடல் கடந்து போய் வேலை செய்வதைத் தெய்வப் பணி என்றே சபைகள் போற்றின. யாழ்ப்பாணத்தில் இயங்கிய அமெரிக்க மிஷனின் மருத்துவப் பணிக்கு மேரி தேர்வானார்.

1896-இல் அவர் சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணம் என்பவரை மணந்தார். அவரும் கிறிஸ்தவர், படித்தவர். ஆனால் தமிழர். மிஷன் மேரியைப் பணியில் ஏற்க மறுத்தது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இதே மிஷன் 1824-இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளியைத் தொடங்கியபோது, வட்டுக்கோட்டைச் செமினரி மாணவர்களுக்கு ஏற்ற கிறிஸ்தவ மனைவியரை உருவாக்குவதும் அதன் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பெருகுவதில் அத்தனை அக்கறை! அந்தக் குடும்பத்துக்குள் ஒரு வெள்ளைக்காரப் பெண் மருமகளாக நுழைந்ததும் கதவு சாத்தப்பட்டது.

மேரி கனடாவுக்குத் திரும்பவில்லை. கொழும்பில் லேடி ஹேவ்லொக் மகளிர் மருத்துவமனையில் சில காலம் பணியாற்றினார். பிறகு சொந்தமாக மருத்துவம் பார்த்தார். பிள்ளைகளைப் பெற்றார், வளர்த்தார், வேலையை விடவில்லை. 1909-இல் தமிழ் மாதர் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தார். 1927-இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு எழுந்த சங்கத்திலும் முன் நின்றார். டொனமூர் ஆணைக்குழு முதலில் 30 வயதான பெண்களுக்கே வாக்கு என்றது. கடைசியில் 1931-இல் ஆண்களைப் போலவே 21 வயதில் கிடைத்தது.

அதே 1931-இல் போப்பாண்டவர் பதினோராம் பயஸ், தந்தையின் கூலி போதாமையால் தாய்மார்கள் வெளியே வேலைக்குப் போக நேர்வதைப் பெருங்கேடு என்று தம் சுற்றுமடலில் கண்டித்தார். கூலியை உயர்த்தச் சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டிமார் என்ன செய்து கொண்டிருந்தார்கள்? கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, விடிவதற்குள் பிரட்டுக்குப் போய் நின்றார்கள். தாய் வீட்டில் இருக்க வேண்டும் என்ற போதனையால் எந்தத் தோட்டத்திலும் பால்மரம் வெட்டுவது நின்றுவிடவில்லை. பினாங்கில் 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தபின் ஷிப்டு வேலைக்குப் போன தாய்மார்களின் நிலையும் அதுதான். நம் வளாகத்தில் அவர்களுடைய பிள்ளைகள் பலர் படித்திருக்கிறார்கள். 1995-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் பெண்களுக்கு எழுதிய மடலில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு நன்றி சொன்னார். அதைக் கேட்க நம் பாட்டிமாரில் பலர் உயிரோடு இல்லை.

மேரி வீட்டைத் தாழ்வாக நினைத்தவரல்லர். உணவு, சுகாதாரம், வீட்டுப் பராமரிப்பு பற்றிப் பாடநூல்களே எழுதியிருக்கிறார். 1930-இல் அவர் தொடங்கிய லங்கா மகிலா சமிதி, கனடாவின் கிராமப்புற மாதர் சங்கங்களைப் பார்த்து அமைத்தது. கிராமத்துத் தாய்மார்கள் ஒன்றுகூடிக் குழந்தை வளர்ப்பும் கைத்தொழிலும் கற்றார்கள். வீட்டு வேலையும் வெளி வேலையும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன. கருத்தடை பற்றியும் அவர் வெளிப்படையாகப் பேசினார். கத்தோலிக்க சபை அதைப் பாவம் என்று சொன்ன காலத்தில் ஒரு கிறிஸ்தவப் பெண் அப்படிப் பேசத் துணிச்சல் வேண்டும்.

1937-இல் கொழும்பு மாநகர சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே உறுப்பினரான முதல் பெண் அவரே. சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அந்தப் பதவியைப் பறித்தார்கள். அவர் மீண்டும் நோயாளிகளிடமும் கிராமங்களுக்கும் போனார்.

1958-இல், 85-ஆம் வயதில், பொதுச் சேவைக்கான மகசேசே விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1962-இல் இலங்கையிலேயே காலமானார். அவர் முன்னின்று உருவாக்கிய தமிழ் மாதர் சங்கத்தின் வழி வளர்ந்த கலாலயத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இசையும் நடனமும் கற்று வந்திருக்கிறார்கள்.