மணி தவறாத பஸ் முதலாளி டி.வி.சுந்தரம் அய்யங்கார்

மீனாட்சிபுரத்திலும் பெருமாட்டியிலும் பொள்ளாச்சி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிற்பவர்களுக்குத் தாமதத்தின் கஷ்டம் தெரியும். அரை மணி பிந்தினால் கூலிக்காரருக்கு அன்றைய வேலையே போய்விடலாம். குமாஸ்தா மேலதிகாரி முன் கையைக் கட்டி நிற்க வேண்டும். பயணியின் இந்த நஷ்டத்தைத் தம் கம்பெனியின் மானப் பிரச்னையாக எடுத்துக்கொண்டவர் மதுரை டி.வி.சுந்தரம் அய்யங்கார்.

திருநெல்வேலிச் சீமை திருக்குறுங்குடியில் 1877 மார்ச் 22-ல் பிறந்தார். முதலில் வக்கீல் தொழில். பிறகு ரயில்வே உத்தியோகம், அதன்பின் பாங்கு. மாதம் பிறந்தால் சம்பளம் என்ற நிம்மதியை உதறிவிட்டு 1911-ல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். 1912-ல் மதுரையில் பஸ் விட்டார்.

அது மாட்டு வண்டியும் ஜட்காவும் ஓடிய காலம். ஆள் நிரம்பினால் கிளம்புவது என்பதே பல வண்டிக்காரர்களின் கணக்கு. டி.வி.எஸ். பஸ்ஸோ குறித்த மணிக்குக் கிளம்பியது. அந்த பஸ் வருவதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்தி வைத்தார்கள் என்று மதுரைப் பக்கம் இன்றும் சொல்வார்கள். ரயிலில் வேலை பார்த்தவருக்கு டைம் டேபிளின் மதிப்பு தெரிந்திருந்ததில் வியப்பில்லை!

ஆனால் டிரைவரை விரட்டினால் மட்டும் நேரம் வந்துவிடாது. அன்றைய ரோடுகளில் மாட்டு லாடத்தின் ஆணிகள் சிதறிக் கிடக்கும். டயர் பஞ்சரானால் பஸ் நடுவழியில் நிற்கும். ஆகவே காந்தம் பொருத்திய வண்டியை முன்னால் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்பது பலரும் சொல்லும் செய்தி. பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் தொழிற்சாலையும் நடத்தினார். வண்டியைச் சரியாக வைத்துக் கொடுத்த பிறகுதான் தொழிலாளியிடம் நேரத்தைக் கேட்க முடியும்.

இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போயிற்று. அப்போது கரியை எரித்து அந்த வாயுவில் பஸ்ஸை ஓட்டும் கருவியைக் கம்பெனியே தயாரித்தது. டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்று அதற்குப் பெயர். கரியும் சாம்பலும் புகையும் சேர்ந்த வேலை அது. பஸ்கள் நிற்கவில்லை.

டி.வி.எஸ்.ஸில் வேலை கிடைத்தால் அரசாங்க உத்தியோகம் மாதிரி என்பது மதுரைப் பேச்சு. தகப்பன் வேலை பார்த்த இடத்தில் மகனும் சேர்ந்த குடும்பங்கள் உண்டு. தகப்பனார் போல நடக்கும் முதலாளியிடம் உரிமை கேட்க நாக்கு எழாது என்று சங்கத்துக்காரர்கள் சொல்லக்கூடும். அதிலும் நியாயம் இருக்கிறது. என்றாலும், கிழடானதும் கைவிடும் முதலாளிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும்.

வீட்டிலும் அவர் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சவில்லை. இளம் வயதில் விதவையான மகள் சௌந்தரத்தை மூலையில் உட்கார வைக்காமல் டில்லியில் டாக்டருக்குப் படிக்க வைத்தார். அந்த அம்மையார் 1940-ல் மணந்துகொண்டது மலையாள நாட்டைச் சேர்ந்த ஜி.ராமச்சந்திரனை. இருவரும் சேர்ந்து நிறுவியதே திண்டுக்கல் அருகேயுள்ள காந்திகிராமம்.

தொழிலை மகன்களிடம் ஒப்படைத்த அய்யங்கார், 1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் காலமானார். 1972-ல் பஸ்கள் தேசியமயமாகி, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. டி.வி.எஸ். பஸ்கள் அந்தக் கழகத்தின் வசம் சென்றன.