வான்வீரர் மஜும்தார்

ஊதாவும் வெண்மையும் சாய்கோடுகளாய் மாறிமாறி அமைந்த பட்டையில் தொங்கும் வெள்ளிச் சிலுவை ஒன்று உண்டு. சிறப்புப் பறத்தல் சிலுவை எனப்படும் அப்பதக்கத்தைப் பிரித்தானிய அரசு 1918ஆம் ஆண்டு ஏற்படுத்தியது. இரண்டாம் முறை அதற்கு உரியவராவோருக்கு வேறொரு சிலுவை தரப்படுவதில்லை. அதே பட்டையின்மீது வெள்ளிச் சட்டம் ஒன்று பொருத்தப்படும். இரண்டாம் உலகப்போரில் இந்திய விமானப்படையினருள் அச்சட்டத்தையும் பெற்றவர் ஒருவரே. அவர் கருண் கிருஷ்ண மஜும்தார்.

மஜும்தார் 1913இல் கொல்கத்தாவில் பிறந்தார். காங்கிரசு இயக்கத்தின் முதல் தலைவரான உமேஷ் சந்திர பானர்ஜியின் மகள்வழிப் பேரர். இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியில் பயின்று விமானியானார். தோழர்கள் அவரை ஜம்போ என்றே அழைத்தனர். 1941இல் இந்திய விமானப்படையின் முதலாம் படையணிக்குத் தலைவரானார்.

அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன் நகரின்மீது குண்டுமாரி பொழிந்தனர். சிறுமலையும் திண்டுக்கல்லும் அடங்கிய அன்றைய மதுரை மாவட்டத்திலிருந்தும், இராமநாதபுரம், தஞ்சை மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர் பலர் பர்மாவில் வாழ்ந்தனர். அவர்களுள் பெருந்தொகையினர் காடும் மலையும் கடந்து கால்நடையாய்த் தாயகம் திரும்ப நேர்ந்தது. ஆதலின் பர்மாப் போரை நம்மவர் எங்கோ நடந்த போர் எனக் கருதியிருக்க இயலாது.

1942 பிப்ரவரித் தொடக்கத்தில் மஜும்தாரின் படையணி பர்மாவின் டௌங்கூ நிலையத்தில் இறங்கியது. அதனிடம் இருந்தவை லைசாண்டர் விமானங்கள். தரைப்படைக்கு வேவு பார்ப்பதற்கென அமைக்கப்பட்ட, வேகம் குறைந்த விமானங்கள் அவை. குண்டுவீச்சுக்கு உரியன அல்ல. படையணி வந்திறங்கியதும் ஜப்பானியர் அந்நிலையத்தைத் தாக்கினர். விமானங்களை ஒரே இடத்தில் நிறுத்தாது பரவலாக நிறுத்தியிருந்தமையால் அவை தப்பின. மறுநாள் மஜும்தார் தம் லைசாண்டரில் குண்டுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். துணைக்கு வந்தவை இரு பஃபலோ போர்விமானங்களே. தாய்லாந்து எல்லைக்குள் மே ஹாங் சோனில் இருந்த பகைவரின் விமானத்தளத்தை மரமுகட்டின் உயரத்தில் பறந்து தாக்கி மீண்டார். அடுத்த நாள் படையணி முழுவதையும் அங்கே நடத்திச் சென்றார். வெள்ளிச் சிலுவை இதன் பொருட்டே வந்தது.

பதக்கம் ஒருவர் பெயரில் வழங்கப்பெறினும், லைசாண்டர் இருவர் செல்லும் விமானம். பின்னிருக்கையில் துப்பாக்கியோடு அமர்ந்தவரையும், குண்டுகளைப் பொருத்திய ஹவாய் சிப்பாய்களையும் வரலாறு அத்துணை நினைவில் கொள்ளவில்லை. அச்சிலுவைகூட அன்று அதிகாரிகளுக்கும் வாரண்ட் அதிகாரிகளுக்குமே உரியதாயிருந்தது; கீழ்நிலையினருக்கு வேறொரு பதக்கம் இருந்தது. இன்னுமொன்று: அதே 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் எழுந்தது. காங்கிரசுத் தலைவரின் பேரர் ஆங்கில மன்னரின் பதக்கத்தை மார்பில் தாங்கிய முரணை அக்காலத்தினின்று பிரித்துப் பார்த்தல் தகாது.

1944இல் இம்பால் போர்க்களத்தில் அதே படையணிக்குத் தலைமை ஏற்றிருந்த அர்ஜன் சிங் அச்சிலுவையைப் பெற்றார். மஜும்தாரோ அவ்வாண்டு ஐரோப்பா சென்று, பிறர் தலைமையின்கீழ்ப் பறக்கும் விமானியாகப் பிரித்தானியரின் 268ஆம் படையணியில் சேர்ந்தார். நார்மண்டிப் படையெடுப்பின்போது முஸ்டாங் விமானத்தில் தாழப் பறந்து பகைவர் நிலைகளைப் படமெடுத்தார். வெள்ளிச் சட்டம் அதற்கு உரியது.

தாயகம் திரும்பியவர், 1945 பிப்ரவரி 17 அன்று லாகூரில் ஹரிக்கேன் விமானத்தில் வான்சாகசம் செய்துகாட்டுகையில் விபத்துக்குள்ளாகி உயிர்நீத்தார். அப்போது அவருக்கு அகவை 31.