விரட்டிய நாடே விருது தந்தது!

1952-ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள். அட்லாண்டிக் பெருங்கடலில் குயீன் எலிசபெத் என்னும் கப்பல் இங்கிலாந்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அதிலே 63 வயதுக் கலைஞர் ஒருவர். உடன் மனைவியும் நான்கு குழந்தைகளும். எடுத்து முடித்த புதிய படத்தைப் பிறந்த ஊரிலே வெளியிட்டுவிட்டு வீடு திரும்பலாம் என்பது அவர் எண்ணம். கப்பல் புறப்பட்டு இரண்டு நாள்தான் ஆகிறது. வந்தது செய்தி! அமெரிக்காவுக்குத் திரும்ப அவருக்குத் தரப்பட்டிருந்த அனுமதி இரத்து! திரும்பி வந்தால் விசாரணை! ஏறத்தாழ நாற்பதாண்டு உழைத்த மண், முதுகுக்குப் பின்னே கதவைச் சாத்திக்கொண்டது.

யார் அவர்? கொலைகாரரா? கொள்ளைக்காரரா? இல்லை, தோழர்களே! உலகையே சிரிக்கவைத்த சார்லி சாப்ளின்!

அந்தப் படத்தின் பெயர் லைம்லைட். நாடகமேடையிலே நடிகன்மீது பாய்ச்சப்படும் ஒளிக்கு அப்பெயர். அந்த ஒளி விலகிப்போன பிறகு ஒரு கோமாளி என்ன ஆகிறான் என்பதே கதை. கால்வெரோ என்பவன் ஒருகாலத்தில் இலண்டன் மேடைகளின் இராசா. மக்கள் மறந்தனர், குடி பிடித்துக்கொண்டது. உயிரை விடத் துணிந்த ஓர் இளம் நடனக்காரியை அவன் காப்பாற்றுகிறான்; நடக்கமாட்டேன் என்று கிடந்தவளை எழுப்பி நடக்கவைக்கிறான். அவள் உயர்கிறாள், அவன் தாழ்கிறான். இறுதியில் அவள் மேடையிலே ஆடிக்கொண்டிருக்க, திரை ஓரத்தில் அவன் உயிர் பிரிகிறது.

இது கற்பனை மட்டுமா? அல்ல. சாப்ளின் பெற்றோரின் வாழ்வு இதிலே இருக்கிறது. 1889-இல் இலண்டனில் பிறந்தவர் அவர். தந்தை மேடைப் பாடகர். புகழும் வந்தது, புட்டியும் வந்தது. 1901-இல், நாற்பதைக்கூட எட்டாமல் மாண்டார். தாயும் மேடைப் பாடகி. தொண்டை கெட்டது, பாட்டு நின்றது, பிழைப்பு போயிற்று, பின்னர் மனநலமும் குலைந்தது. ஏழு வயதுப் பாலகன் சார்லி, ஏழைகளை அடைத்துவைத்து வேலை வாங்கிக்கொண்டு கஞ்சி ஊற்றும் அரசாங்க விடுதிக்குப் போனான். கைதட்டல் நின்றால் அடுப்பிலே பூனை உறங்கும் என்பதை ஏட்டிலே படித்து அறிந்தவரல்லர் அவர்!

அந்தப் பாலகன்தான் 1914-இல் படத்துறையிலே நுழைந்தான். கிழிந்த கோட்டு, தொளதொளத்த கால்சட்டை, கைப்பிரம்பு. இந்த உருவத்தைக் கண்டு சிரிக்காத நாடில்லை. 1936-இல் வந்த மாடர்ன் டைம்ஸ் படத்தை எண்ணிப் பாருங்கள். நாளெல்லாம் ஆணி முறுக்கி முறுக்கி, வேலை முடிந்த பின்னும் கை முறுக்கிக்கொண்டே இருக்குமே, அந்தத் தொழிலாளி! ஆலையிலே நின்றவனுக்குத் தெரியும், அது வேடிக்கையன்று, வேதனை என்று. 1940-இல் இட்லரையே எள்ளி நகையாடிப் படமெடுத்தார். பூனைக்கு மணி கட்டியவர், அந்தப் பூனை புலியாகத் திரிந்த நாளிலே!

பணம் படைத்தோருக்கு இது பிடிக்குமா? 1942-இல், நாசிப் படையோடு போராடிய இரசியாவுக்கு உதவ மற்றொரு போர்முனை திறக்கவேண்டும் என்று மேடையேறினார். சான்பிரான்சிஸ்கோ கூட்டத்தைத் தோழர்களே என்றே விளித்துத் தொடங்கினார். போதாதா? துப்பறியும் துறை ஏட்டைத் தூக்கிக்கொண்டது. கட்சி உறுப்பினர் என்பதற்குச் சான்று இல்லை. ஆனாலும் சந்தேகம் விடவில்லை. அமெரிக்கக் குடியுரிமை பெறாமல் பிரிட்டிஷ் குடிமகனாகவே இருந்தாரே, அது பெருங்குற்றமாகப் பேசப்பட்டது. 1947-இல் வந்த அவருடைய மெசியே வெர்தூ படம் அங்கே தோற்றது. கைதட்டிய கைகளிலே பல கல்லெடுத்தன.

அந்த நேரத்திலேதான் லைம்லைட் உருவாயிற்று. முதலில் அதை நாவலாகவே எழுதிப் பார்த்தார். பிறகு திரைக்கதை. இசையும் அவருடையதே. இசைக்குறிப்பு எழுதப் படிக்கத் தெரியாதவர், முனகிக் காட்டுவார், வாசித்துக் காட்டுவார், அறிந்தவர்கள் எழுதிக்கொள்வார்கள். 1951 நவம்பரில் படப்பிடிப்பு தொடங்கியது. கலிபோர்னியா வெயிலிலே, 1914-ஆம் ஆண்டு இலண்டன் தெருவை எழுப்பினார். நடனக்காரியாக நடிக்க இங்கிலாந்திலிருந்து கிளேர் புளூம் என்ற இளம் நடிகை வந்தார். மகன் சிட்னிக்கு ஒரு வேடம். சின்னஞ்சிறு பிள்ளைகள் தொடக்கக் காட்சியிலே தெருவில் நிற்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் படமெடுப்பவர் என்று பெயர் வாங்கியவர், 1952 சனவரிக்குள் படப்பிடிப்பை முடித்தார்.

இன்னொன்று சொல்லவேண்டும். பஸ்டர் கீட்டன் என்ற நகைச்சுவை மன்னர், ஊமைப்பட நாளிலே சாப்ளினுக்கு நிகராகப் போற்றப்பட்டவர். அப்போது அவருடைய பழைய புகழ் மங்கியிருந்தது. அவரை அழைத்து, படத்தின் இறுதி மேடைக் காட்சியிலே தம் பக்கத்தில் நிறுத்தினார் சாப்ளின். இவர் கையிலே பிடில். அவர் முன்னே பியானோ. இருவரும் சேர்ந்து நடித்த ஒரே முழுநீளப் படம் அதுதான்.

1952 அக்டோபர் 16-இல் இலண்டனில் படம் வெளியாயிற்று. பிற நாடுகளிலும் பாராட்டு. அமெரிக்காவிலோ, பழைய போர்வீரர் சங்கத்தார் கொட்டகை வாயிலிலே மறியல்! பெரிய கொட்டகை முதலாளிகள் படத்தை இறக்கினர். கோமாளியை மக்கள் கைவிட்ட கதையைச் சொன்ன படத்தையே, மக்கள் கண்ணில் படாமல் மறைத்தனர்! சாப்ளின் கெஞ்சவில்லை. 1953-இல் சுவிட்சர்லாந்திலே குடியமர்ந்து, அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இருபதாண்டு உருண்டோடியது. 1972-இல் அதே அமெரிக்கா அழைத்தது. ஆஸ்கார் விழாவிலே, 82 வயது முதியவர் மேடையில் கண்கலங்கி நிற்க, மண்டபமே எழுந்து நின்று நிமிடக்கணக்கில் கைதட்டியது. அவ்வாண்டுதான் லைம்லைட் முதன்முதலாக லாஸ் ஏஞ்சல்சிலே முறைப்படி திரையிடப்பட்டது. அங்கே திரையிடப்பட்ட படத்துக்கே ஆஸ்கார் என்பது அன்றைய விதி. ஆகவே இருபதாண்டுக்கு முந்திய படத்தின் இசைக்கு 1973-இல் விருது! படத்தைத் தடுத்தவர்களே அதற்குப் பரிசளிக்கும் வழியையும் திறந்துவைத்தார்கள்!

1977 டிசம்பர் 25-இல் சாப்ளின் மறைந்தார். அவருக்கு உயிரோடிருக்கையிலேயே கைதட்டல் கேட்டது. பஸ்டர் கீட்டன் 1966-லேயே மறைந்துவிட்டிருந்தார்.

அதிகாரம் ஆளை விரட்டலாம். அவன் படைப்பை விரட்ட முடியாது. இது ஒரு பாடம். மற்றொரு பாடம் கூட்டத்திலே கைதட்டும் நமக்கு: நமக்காக உழைத்தவரை யாரோ கிளப்பிய புரளியைக் கேட்டுக் கைவிடாதீர்கள். நல்லவர் கழுத்துக்கு மாலை, அந்தக் கழுத்து நிமிர்ந்திருக்கும்போதே விழட்டும்!